குடவோலைப் பாடமும் ஆசிரியரின் அணியமும்

நடுநிலைப் பள்ளியில் சோழர் ஆட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் பலர், உத்தரமேரூர் என்னும் பெயர் வந்த அளவில் குரலை உயர்த்துவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் குடியாட்சி கண்டான் என்பர். பிள்ளைகள் கைதட்டுவர், மணி அடித்துவிடும். கல்வெட்டு உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அவ்வகுப்பில் ஒருவரும் அறிந்திரார். ஆசிரியரே அறிந்திருப்பாரா என்பதும் ஐயமே. விடைநூலில் நான்கு வரி உண்டு. அந்நான்கு வரியே அவர்க்கும் போதும், தேர்வுக்கும் போதும்.

தமிழ்ப் பெருமை பேசுவது குற்றமன்று. படியாமற் பேசுவதே குற்றம். மேடையில் பேசினால் அது காற்றோடு போகும். வகுப்பறையில் பேசினால் பன்னிரண்டு அகவைப் பிள்ளையின் நெஞ்சில் வாழ்நாள் முழுதும் தங்கும்.

இப்பாடத்திற்கு அணியமாகும் ஆசிரியர் முதலிற் செய்யத்தக்கது, பாடத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது. படித்தல் வகுப்பு வேறு, குமுகாயவியல் வகுப்பு வேறு என்று காலஅட்டவணை பிரித்து வைத்திருக்கலாம். பிள்ளையின் நாவும் அறிவும் அவ்வாறு பிரிந்து கிடப்பதில்லை. சொல் விளங்காத இடத்தில் வரலாறும் விளங்காது. குடவோலை என்பதைக் குடம், ஓலை எனப் பிரித்துக் கரும்பலகையில் எழுதிய அளவிலேயே பாதிப் பாடம் முடிந்தது. வேலி என்றவுடன் முள்வேலியைத்தான் பிள்ளை நினைக்கும். 20 மா நிலம் ஒரு வேலி, கால் வேலி என்பது 5 மா என்று ஆசிரியர் சொல்லவேண்டும். காவிரிப் படுகையில் முதியோர் இன்றும் மாக்கணக்கில் நிலம் பேசுவர். வீட்டில் பாட்டனைக் கேட்டு வரச் சொன்னால் பாட்டனும் ஆசிரியராவார். குடும்பு என்பது குடும்பம் அன்று, ஊரின் ஒரு பகுதி. இதனை முன்னரே சொல்லாவிடின் வகுப்பு முழுதும் தவறாகவே படிக்கும்.

2012-13ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து வைத்தார்களே, அங்கே அமர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளை இதே சொல்லை ஆங்கில எழுத்தில் கூட்டிப் படிக்கிறது. அதன் கண்ணுக்குக் குடமும் தெரிவதில்லை, ஓலையும் தெரிவதில்லை.

அடுத்தது, கல்வெட்டு. முதற் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் அவை பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்தில் இடம்பெறார். முன் மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவனும் இடம்பெறான். இவை இன்றைய ஆட்சியாளர்க்கும் பாடமாகத் தக்க நெறிகளே. ஐயமில்லை.

ஆனால் குடத்திற்குள் எவர் பெயர் சென்றது? இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவன். சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவன். அகவை 35க்கு மேல் 70க்குள் இருப்பவன். வடமொழி மறை கற்றவன். ஒரு மறையும் ஓர் உரையும் ஓதிக் கற்பிக்க வல்லவனுக்கு அரைக்கால் வேலியே போதும் என்ற சலுகையும் உண்டு. உத்தரமேரூர் பார்ப்பனர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்த அவை அவர்தம் அவை. அந்நிலத்தை உழுத தமிழன் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. பெண்ணின் பெயரும் இல்லை. உழுகுடிகளின் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகரிடையே 'நகரம்' என்னும் அவையும் இருந்தன. விடைநூல் அவற்றை ஒரு சொல்லில் கடந்துவிடுகிறது. இதனையெல்லாம் மறைத்து, தமிழன் கண்ட குடியாட்சி என்று முழங்குவது யாருடைய பெருமையை யார் தோளில் ஏற்றுவது?

வகுப்பின் கடைசி வரிசையில், கூலிவேலைக்குச் செல்லும் உழைப்பாளியின் மகள் ஒருத்தி எழுந்து, "ஐயா, எங்கப்பா பேரைக் குடத்துல போட்டிருப்பாங்களா?" என்று கேட்பாளாயின், ஆசிரியர் என்ன மறுமொழி சொல்வார்? இவ்வினாவுக்கு அணியமாவதே பாடத்திற்கு அணியமாவது. மற்றவை குறிப்பேட்டை நிரப்பும் வேலை.

போட்டிருக்க மாட்டார்கள் என்பதே நேர்மையான விடை. அவ்விடையோடு நின்றுவிடாமல், பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் பிள்ளைகள் அறியவேண்டும். 1996இல் ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 2006 வரை ஒரு தலைவர் நிலைத்து ஆள முடியவில்லை. மேலவளவில் வென்று தலைவரான முருகேசன் 1997 சூன் 30 அன்று மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். குடத்தில் பெயர் விழாத நிலை சோழரோடு முடிந்துவிடவில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகளிடையே சாதிப் பேச்சு வரும் என அஞ்சுவோர் உளர். பேச்சு ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. வகுப்பறை மட்டுமே வாய்மூடிக் கிடக்கிறது.

ஆசிரியரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. கைப்பேசியில் புள்ளிக்குறிப்பு ஏற்றுவதிலும், விலையில்லாப் பொருள்களுக்குக் கணக்கு எழுதுவதிலும் அவர் பொழுது கழிகிறது. பாடத்தை முன்கூட்டிப் படிக்க அரசு அவர்க்கு நாளொன்றுக்கு அரைமணியேனும் விட்டுவைக்கட்டும். பிறகு அவரிடம் கணக்குக் கேட்கட்டும்.

அந்த அரைமணி கிடைக்கும்வரை காத்திராதோரும் உளர். அத்தகையோர்க்கு ஒன்று சொல்லத்தகும். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 உள்ளிட்ட நாள்களில் ஊரவை கூடுகிறது. அரசு அதனைக் கிராம சபை என வடமொழியில் எழுதுகிறது, அது கிடக்கட்டும். அவ்வறிவிப்புத் தாளைப் படியெடுத்து வந்து, அடுத்த படித்தல் வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டே உரக்கப் படிக்கச் செய்யலாம். முதல் வரியைப் படிக்கும் வாய்ப்பு, கடைசி வரிசையில் எழுந்து வினவிய அந்தப் பெண்ணுக்கு உரியது.