எண்ணெய் விற்க மட்டும் தெரிந்த கணக்கு

வயிறெரிகிறது ஐயா! பாஸ்டன் பக்கத்துக் குளிருக்கு வீட்டைச் சூடாக்க எண்ணெய் எரிக்கிறேன். அதை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்கு வேண்டியதைப் போல நாலைந்து மடங்கு பெரிய பர்னரை என் தலையில் கட்டினார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

எண்ணெய் விற்கும் கம்பெனியிலிருந்து புது பாய்லர் போட வந்தவர் டேப்பை வெளியே எடுத்தாரா? சுவருக்குள் பஞ்சு அடைத்திருக்கிறதா, ஜன்னல் இரட்டைக் கண்ணாடியா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? நிலவறைக்கு இறங்கினார், பழைய பாய்லரின் தகட்டில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டார், போய்விட்டார். அந்தப் பழைய பாய்லர் வெறும் சுவரும் ஒற்றைக் கண்ணாடியுமாக வீடு இருந்த காலத்தில் வைத்தது. அதன்பின் சூடு தப்பும் வழியையெல்லாம் காசு கொட்டி அடைத்தேனே, அந்தக் காசெல்லாம் யார் கணக்கில் போயிற்று?

புது பர்னரில் எண்ணெயைப் பீய்ச்சும் பித்தளை நாசிலின் பக்கவாட்டில் 1.25 என்று பொறித்திருக்கிறது. மணிக்கு 1.25 கேலன். அதுவும் பம்ப் அழுத்தம் 100 பிஎஸ்ஐ இருந்தால்தான். இங்கே 140 வைத்திருக்கிறார்கள்; கிட்டத்தட்ட ஒன்றரை கேலன் பீய்ச்சுகிறது.

என் வீட்டுக்கு எவ்வளவு போதும்? அது அவர்களுக்கே தெரியும் என்பதுதான் கொடுமை! 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அன்றைய சராசரி எத்தனை டிகிரி இறங்கியதோ, அதை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருகிறார்கள். என் வீட்டுக்கு அவர்கள் குறித்து வைத்திருக்கும் எண் 8. எட்டு டிகிரி கூடினால் ஒரு கேலன் தீரும். அதை வைத்துத்தான் டேங்க் காலியாகும் முன் லாரி வாசலில் வந்து நிற்கிறது. அதே கணக்கைப் போடுங்கள்: சராசரி 5 டிகிரியான கடுங்குளிர் நாளில் வித்தியாசம் 60. எட்டால் வகுத்தால் நாளுக்கு ஏழரை கேலன். மணிக்கு 0.31! விற்கும்போது வருகிற கணக்கு, பர்னர் வைக்கும்போது மட்டும் ஏன் வராது?

அவ்வளவு சின்ன நாசில் எளிதில் அடைத்துக்கொள்ளும், குளிக்கிற வெந்நீருக்கும் சேர்த்துத்தான் போட்டோம் என்கிறார்கள். சரி, 0.65 போட்டிருந்தாலும் இரண்டு மடங்கு ஆயிற்றே. வெந்நீருக்குப் பாய்லரோடு சேர்த்து ஒரு சேமிப்புத் தொட்டி வைத்தால் போதாதா? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பர்னர் குபீரென்று பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் தண்ணீர் 180 டிகிரியைத் தொட்டதும் அணைகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு முறை பற்றும்போதும் அணையும்போதும் புகை, கரி. சூடான இரும்பின் வெப்பமெல்லாம் புகைபோக்கி வழியே ஊருக்குப் போகிறது. நாசிலை மட்டும் சிறிதாக மாற்றிவிடலாம் என்றால், பாய்லர் செய்தவர் அனுமதித்த அளவுக்குக் கீழே போக முடியாது; புகை ஆறிப்போய்ப் புகைபோக்கிக்குள் ஈரம் கட்டும். ஆக, இந்தப் பாய்லர் சாகும்வரை இந்தத் தண்டம் எனக்கு.

இனி என் நிலவறைக்கு இறங்குகிறவர் முதலில் வீட்டை அளக்கட்டும். எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்கு நேரமில்லாதவருக்கு என் காசோலையை வாங்க மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?