மடியில் ஒரு பயணி

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

எங்கள் வகுப்பறைச் சுவரில் திருக்குடும்பம் எகிப்துக்குப் புறப்படும் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. கழுதைமேல் அன்னை மரியா, அவர் மடியில் துணியில் சுற்றிய பாலன் இயேசு, கடிவாளத்தைப் பிடித்தபடி புனித சூசையப்பர். கைக்குழந்தையோடு ஊர்விட்டு ஊர் போகும் தாய்மார் எக்காலத்திலும் உண்டு என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். இன்று கழுதைக்குப் பதிலாக விமானம் வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாழும் நமக்கு இது அதிசயமும் அன்று. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கிய பின் கொரியாவிலிருந்தும், பிறகு ஜப்பானிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்தன. நம்மவர்களும் புனே, குருகிராம் என்று மாற்றலாகிப் போகிறார்கள். போகும்போது குழந்தையை வீட்டில் விட்டுவிட்டா போக முடியும்?

என் சித்தப்பா ஒரு கார்த் தொழிற்சாலையில் பணிபுரிபவர். புனேக்கு மாற்றலாகி முன்னதாகச் சென்றுவிட்டார். கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் சித்தியையும் எட்டு மாதத் தம்பியையும் அங்கே கொண்டு சேர்க்க, துணைக்கு நானும் போனேன். விமானம் ஏறும்வரை தம்பி சிரித்த முகமாகவே இருந்தான். புனே நெருங்கி, விமானம் இறங்கத் தொடங்கியதும் வீறிட்டு அழுதான். சித்தி தோளில் போட்டுத் தட்டினார், பாட்டுப் பாடினார், சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த பெரியவர் திரும்பி, "இத்தனை சின்னக் குழந்தையை எதற்கு விமானத்தில் கொண்டுவருகிறீர்கள்?" என்று கேட்டார். சித்தியின் கண்கள் கலங்கிவிட்டன. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தமிழாசிரியை அடித்துவிடுவார்!

தம்பி அழுததற்குக் காரணம் பிடிவாதம் அன்று. விமானம் உயரத்தில் பறக்கும்போது அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இறங்கும்போது அது மீண்டும் கூடுகிறது. நடுச்செவியிலிருந்து தொண்டைக்குச் செல்லும் யூஸ்டேஷியன் குழல் திறந்தால்தான் செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாகும். மலைப்பாதையில் பேருந்து இறங்கும்போது காது அடைத்தால் நாம் எச்சிலை விழுங்குகிறோம், கொட்டாவி விடுகிறோம். குழந்தைக்கு அந்த உபாயம் தெரியாது. அதன் குழலோ குறுகலானது. இறங்கும் நேரத்தில் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுத்தால், விழுங்க விழுங்கக் குழல் திறக்கும். சித்தி விமானம் ஏறியவுடனேயே பால் கொடுத்துத் தீர்த்துவிட்டார். ஒருவரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. எனக்கே ஊர் திரும்பி, அறிவியல் ஆசிரியையிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெரியவர் குறை சொன்னதற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் நான் எழுத வந்தது அழுகையைப் பற்றி மட்டும் அன்று. பணிப்பெண் தம்பிக்கென ஒரு சிறிய பெல்ட்டைக் கொண்டுவந்து, சித்தியின் பெல்ட்டில் கோத்து மாட்டினார். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயமில்லை, மடியே இருக்கை. அது போதுமா என்ற கேள்வி உலகில் பல ஆண்டுகளாக இருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் 296 பேருடன் சென்ற ஒரு விமானம் இயந்திரக் கோளாறால் சூ சிட்டி என்னும் ஊரில் விழுந்து நொறுங்கியது. 112 பேர் மாண்டனர். அதில் மடிக்குழந்தைகள் நால்வர் இருந்தனர். அவர்களைத் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. அன்றைய விதிமுறை அது. நால்வரில் ஒருவன், இரண்டு வயது நிறையாத சிறுவன், பிழைக்கவில்லை. அப்படிச் சொல்லும் கடமை வாய்த்த தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், குழந்தைகளுக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அதன் பின் பல ஆண்டுகள் போராடினார்.

2005-இல் அந்நாட்டு அரசு அதைக் கட்டாயமாக்க மறுத்துவிட்டது. தனி டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும்; சாலையில் அதைவிட அதிகமானோர் இறப்பார்கள் என்பதே அதற்குச் சொன்ன காரணம். முதலில் எனக்கு இது சாக்காகப் பட்டது. பிறகு, நாங்கள் மீனம்பாக்கத்துக்குப் போன வழியை நினைத்துப் பார்த்தேன்.

விடியற்காலை நான்கு மணி. வாடகைக் கார். ஒரகடம், படப்பை, தாம்பரம் வழி. முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள், புதுக் கார்களை இரண்டடுக்காய் ஏற்றிய நீண்ட வண்டிகள். தம்பி "வேடிக்கை பார்க்கட்டும்" என்று முன் இருக்கையில் சித்தியின் மடியில். சித்திக்கு பெல்ட் உண்டு, ஓட்டுநருக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. அந்த நாள் முழுவதிலும் அவனுக்கு ஒரு பெல்ட் கிடைத்தது ஆகாயத்தில் மட்டும்தான்!

நம் அறிவியல் நூலின் முதல் பாடமே இயக்க விதிகள். ஒரு கணக்குப் போட்டேன். தம்பியின் நிறை 8 கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், அவனைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 1,100 நியூட்டன் விசை தேவை. அதாவது நூறு கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்குவது போல. சாக்கு மூட்டை தூக்கும் கூலியாளே திணறுவார். சித்தியின் இரண்டு கைகள் என்ன செய்யும்? தாயன்பு பெரிதுதான், ஆனால் நியூட்டனின் விதி அதற்கு விலக்குத் தரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்டோரை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றிக் காரில் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம். இரு சக்கர வண்டியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் வார்ப்பட்டை வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் பள்ளி வாசலில் மாலை நான்கு மணிக்கு நின்று பாருங்கள். அந்த வார்ப்பட்டையை நான் இதுவரை ஒருமுறைகூடக் கண்டதில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. இந்தப் பகுதியில் தயாராகும் கார்கள் பலவற்றின் பின் இருக்கையில், குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கென்றே இரும்புக் கொக்கிகள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அவற்றைப் பொருத்தும் கைகள் நம் அப்பாக்கள், அண்ணன்மார், அக்காமார் கைகள். நம் வீட்டுக் குழந்தைகளோ முன் இருக்கையில், மடியில்.

விமானத்தில் தனி இருக்கை வேண்டுமென்று நான் வற்புறுத்தமாட்டேன். டிக்கெட் விலை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகாயப் பயணம் சாலையைவிடப் பத்திரமானதும்கூட. வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரை உள்ள அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் கேட்கிறேன். நாலைந்தாயிரம் ரூபாய் குழந்தை இருக்கைக்கு அதிகம் என்பவர்கள், பெயர் சூட்டு விழாவுக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சித்தி மே மாதம் வருகிறார். மீனம்பாக்கத்திலிருந்து அழைத்துவரப் போகும் காரில், அடுத்த வீட்டு அக்காவிடம் இரவல் வாங்கிய குழந்தை இருக்கையைப் பின்னால் பூட்ட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"கட்டிப்போட்டால் வழியெல்லாம் அழுவானேம்மா" என்றார் அப்பா.

"அழட்டும் அப்பா" என்றேன்.