பெயரைப் பகிர்ந்தவர்கள் பிரிந்தும் தோற்கவில்லை

'கல்லூரியில் பாட்டுக்குழு அமைத்தால் படிப்புப் பாழாகும். நாளடைவில் குழுவும் உடையும்' என்பார் நம்மில் பலர். ஆசிரியப் பெருந்தகையீர், பெற்றோரே, சற்றே எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரில், 1980இல் நான்கு இளைஞர்கள் 'ஆர்.இ.எம்.' என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கினர். மாணவர் நடத்திய கல்லூரி வானொலிகளே அவர்தம் பாடல்களைப் பரப்பின. 1983இல் 'மர்மர்' என்னும் முதல் முழுத்தொகுப்பு வந்தது. 1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' உலகெங்கும் ஒலித்தது. அவர்கள் படிப்பைக் கைவிட்டது உண்மை. அதனை நான் போற்றவில்லை. நான் போற்றுவது வேறொன்று.

யார் எழுதினும், யார் மெட்டமைப்பினும், குழுவின் சொந்தப் பாடல்கள் நால்வர் பெயரிலேயே வெளிவந்தன. 1995இல் சுவிட்சர்லாந்து மேடையில் மூளை இரத்தக்குழாய் பாதிப்பால் சரிந்த டிரம்ஸ் கலைஞர் பில் பெர்ரி, 1997இல் விலகினார். ஏனைய மூவரும் தொடர்ந்தனர். 2011இல் குழுவைக் கலைத்தனர். ஒருவரையொருவர் தூற்றவில்லை. 2024இல் பாடலாசிரியர் புகழ்மன்ற விழாவில் நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் இசைத்தனர்.

நம் பள்ளிகளில் நிலை என்ன? ஐவர் செய்த குழுப்பணிக்கு ஒருவனிடம் கோப்பையைக் கொடுக்கிறோம். 'எல்லாம் என் பிள்ளை செய்ததுதான்' என்று பெற்றோரும் வாதிடுகின்றனர். கூடி உழைக்கக் கற்பிக்காமல், 'குழு உடையும்' என்று அச்சுறுத்துவது எவ்வகை அறம்?

குழு கலைவது இழிவன்று. பகைத்துக் கலைவதே இழிவு. அடுத்த பரிசளிப்பு விழாவில் குழுவின் பரிசைக் குழுவின் பெயரிலேயே வழங்குவோம்!