இரட்சிப்புக்கு பீஸ் ரேட் கிடையாது!

மடத்துக்குளத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். பீஸ் ரேட். ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வேன் வந்து நிற்கும். போகாவிட்டால் அந்த வாரம் வட்டி கட்ட முடியாது.

வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் அவரிடம், "ஆராதனைக்கு வராதவர்களுக்குப் பரலோகத்தில் இடமில்லை. உபவாசம் இருந்து, காணிக்கை வைத்து சரிசெய்துகொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் கேட்டார்: "ஏந்தம்பி, அப்ப நான் நரகத்துக்குத்தான் போவனா?"

எனக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரோமர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வது, திருப்பூர் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லாத விஷயம். வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கூலி. அது கடன், தயவு அல்ல. சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது முதலாளி நமக்கு தர்மம் பண்ணினார் என்று யாராவது சொல்வோமா? அப்படியென்றால் இரட்சிப்பை நாம் சம்பாதிக்க முடியுமானால், கடவுள் நமக்குக் கடன்காரர் ஆகிவிடுவார். கிருபை என்ற வார்த்தையையே அகராதியிலிருந்து எடுத்துவிடலாம்.

1517-இல் லூத்தர் கிளம்பியதும் இதற்காகத்தான். பாவத்தின் தண்டனையைக் குறைக்கச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் வழி வந்த சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. 300 வருடம் கழித்து நாம் மறுபடியும் சீட்டுக்கே வந்து நிற்கிறோம்!

"இது புராட்டஸ்டன்ட் சமாச்சாரம்" என்று ஒதுக்கவும் முடியாது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். கடவுள் நம்மை ஏற்பது நம் தகுதியால் அல்ல, கிருபையால், கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தின் மூலமே என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போயின.

தமிழனுக்கு இது புதிய கேள்வியும் அல்ல. தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டியா என்று வடகலையும் தென்கலையும் எத்தனை காலமாக வாதாடுகின்றன! அந்த வைணவ மரபில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிக'த்தை எழுதி 1894-இல் வெளியிட்டார். (பனியன் என்பது அவர் பெயர், நம்ம ஊர் சரக்கு இல்லை :-) ) பனியனின் கதையில் பயணியின் முதுகுச் சுமை சிலுவையைக் கண்டதும் தானாகக் கழன்று விழுகிறது. அவன் அவிழ்க்கவில்லை.

"அப்படியானால் இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமா?" என்பீர்கள். பவுலே ரோமர் 6-இல் இதைக் கேட்டு, கூடவே கூடாது என்று பதிலும் சொல்லிவிட்டார். "கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிறாரே யாக்கோபு?" சரிதான். உயிரோடு இருக்கும் மரம் காய்க்கும். ஆனால் காயைக் கட்டித் தொங்கவிட்டால் பட்ட மரத்துக்கு உயிர் வருமா? சபை கூடுவதும் நல்லதுதான். ஆனால் அது நுழைவுக் கட்டணம் அல்ல.

இதைவிட மோசமான ஆட்கள் உண்டு. விசுவாசத்தையே பீஸ் ரேட் ஆக்கிவிட்டவர்கள்! "உனக்கு விசுவாசம் பத்தலை, அதான் நோய் தீரலை" என்பார்கள். இயேசு கேட்டது கடுகளவு. மாற்கு 9-இல் ஒரு தகப்பன் தன் அவிசுவாசம் நீங்க உதவும்படி அழுகிறான். அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். பலம் பிடிக்கிற கையில் இல்லை, பிடித்திருப்பவரில்.

அக்காவுக்கு மத்தேயு 20-இல் உள்ள திராட்சத்தோட்டக் கதையைச் சொன்னேன். விடியலில் வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் அதே ஒரு பணம்.

"அப்ப முழு ஷிப்ட் பாத்தவங்களுக்குக் கோவம் வராதா தம்பி?"

"வந்துச்சுக்கா. கதையிலயே அவங்கதான் சண்டைக்கு வர்றாங்க."

இன்றைக்கும் அவர்கள்தான் சண்டைக்கு வருகிறார்கள். தோட்டம் அவர்களுடையது அல்ல என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். வசனத்தோடு வாருங்கள், காணிக்கை ரசீதோடு வேண்டாம்.