கேத்தியில் கேட்காத கேள்வி

ஊட்டிக்கு டூர் போகிற காலேஜ் பஸ் கேத்தி பள்ளத்தாக்கு தெரிகிற இடத்தில் கட்டாயம் ஒருமுறை நிற்கும். எல்லோரும் இறங்கி போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் என்ன இருக்கும்? கீழே ஒரு கரும்பச்சைப் பட்டை, நடுவில் இளம்பச்சை, மேலே பனிமூட்டம் துடைத்துவிட்ட ஒரு சாம்பல் வெள்ளை. அவ்வளவுதான். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

அதே ஆட்கள் கே.எம். ஆதிமூலத்தின் அரூப ஓவியம் ஒன்றின் முன்னால் நின்றால் முதல் கேள்வியே அதுதான்! இரண்டாவது கேள்வி, "இதை எங்க வீட்டுக் குட்டிப்பையன்கூட வரைவானே?"

ஆதிமூலம் (1938–2008) என்றால் தமிழ் வாசகர்களுக்குக் கோட்டோவியம். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த நூறு காந்திகள், கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் போட்ட முகங்கள். அவரைப் பற்றிய பேச்சு அங்கே தொடங்கி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் மனிதர் அதற்குப் பிறகு பல வருடங்கள் உருவத்தை ஒதுக்கிவிட்டு வண்ணத்தோடு மல்லுக்கட்டியவர். எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் கெட்டியாக இழுத்து, அடுக்கின் மேல் அடுக்காகப் பூசினார். ஒரு நீலம் பக்கத்து மஞ்சளை எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்பதுதான் அங்கே பிரச்சினை. கறுப்புக் கோட்டில் ஒரு மூக்கைச் சரியாகப் போடுவதைவிட இது லேசான வேலை என்று யார் சொன்னது?

இதில் அவருடைய ஆதரவாளர்கள் செய்வது இன்னும் பெரிய கூத்து. "அவருக்கு நல்லா வரையத் தெரியும், அதனால அரூபமும் போடலாம்" என்பார்கள். இது பாராட்டா, பரோலா? காந்தியை ஜாமீன் கொடுத்து அந்த நீலத்தை வெளியே எடுக்க வேண்டியதில்லை. வண்ணம் நிற்கிறதா, சரிகிறதா என்று அந்தத் துணியையே பார்த்துச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் தாராளமாகத் திட்டலாம். அரூபம் என்ற பெயரில் வருகிற குப்பையும் நிறைய உண்டு.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு சார், நமக்கு ஒட்டாது" என்பது அடுத்த வாதம். இதைச் சொல்பவர்கள் கேத்தியிலிருந்து அப்படியே ஏதாவது ஒரு தோடர் மந்துக்குப் போய்ப் பார்க்கட்டும். வெள்ளைப் பருத்தித் துணியில் கறுப்பும் சிவப்புமாக பூத்துக்குளி தைக்கிறார்கள் தோடர் பெண்கள். துணிமேல் பென்சில் கோடு கிடையாது, அச்சும் கிடையாது. இழையை எண்ணி எண்ணி ஊசி போகிறது. எருமைக் கொம்பு என்று பெயருள்ள வடிவத்தில் எருமையைத் தேடினால் கிடைக்காது. கோணமும் பட்டையும்தான் இருக்கும். இறந்தவர் உடலைப் போர்த்துவதும் அந்தத் துணியால்தான். 2013ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"அது மரபு, இது ஒரு தனி ஆளின் இஷ்டம்" என்று மடக்கலாம். உண்மைதான். தோடர் பெண்ணுக்குப் பாட்டி கொடுத்த கணக்கு கையில் இருக்கிறது. ஆதிமூலத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஒவ்வொரு துணியிலும் கணக்கை முதலிலிருந்து போட்டாக வேண்டும். அப்படியானால் யாருக்குக் கஷ்டம் அதிகம்?

பூத்துக்குளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிறவர் கடைக்காரரிடம் விலையை மட்டும்தான் கேட்கிறார்.