எழுதி வைக்காத வித்தை



காகிதம், அச்சு, வெடிமருந்து, காந்த ஊசி என்று பழஞ்சீனத்தின் பெருமையை யாராவது சொன்னால், "நம் முன்னோர்கள் மட்டும் குறைந்தவர்களா?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் "அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்?" என்று நம் பிள்ளைகள் திருப்பிக் கேட்டால் பதில் வைத்திருக்கிறோமா?

பதில் வெகுதூரத்தில் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே சென்றால் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. கரூரிலிருந்து முசிறித் துறைமுகத்துக்குச் சென்ற பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கு அகழ்ந்தபோது, இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன.

நான் ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் கழித்தவன். எஃகின் குணம் அதிலுள்ள கரியில் இருக்கிறது. தண்டவாளத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடக் கரி கிடையாது. கூடினால் முறியும், குறைந்தால் தேயும். இந்தக் கணக்கை நம் கொல்லர்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். இரும்புத் துண்டுகளோடு மரத்துண்டும் பச்சிலையும் மண் மூசையில் இட்டு, வாயை அடைத்து, துருத்தி ஊதிக் காய்ச்சினார்கள். கரி ஏறி இரும்பு எஃகாயிற்று. 'ஊட்ஸ்' என்று மேனாட்டார் அழைத்த இந்த எஃகை 1819-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயே சோதித்துப் பார்த்தார்.

சீனர்களுக்கும் நமக்கும் வேறுபாடு திறமையில் இல்லை, ஏட்டில்தான். 1637-இல் சுங் யிங்சிங் என்பவர் உப்பு, சர்க்கரை, காகிதம், இரும்பு முதலிய தொழில்களைப் படங்களோடு நூலாக்கினார். அந்நூல் சீனாவில் அரிதாகிவிட்ட பின்னும் ஜப்பானியப் பதிப்பால் பிழைத்தது. நம் பக்கத்து எஃகு முறையையோ, 1800-இல் கும்பினிக்காக மைசூர், கோவை, பாலக்காடு வழியே பயணம் செய்த புக்கானன் என்ற வெள்ளைக்கார மருத்துவர்தான் குறித்து வைத்தார். ஆலை எஃகு வந்ததும் உலைகள் அணைந்தன. வித்தையும் உடன் போயிற்று. உலை முன் நின்றவர் கையில் எழுத்தாணி இல்லை. எழுத்தாணி பிடித்தவர் உலைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இழப்புக்கு முதற்காரணம் இதுவே என்பது என் கருத்து.

இன்றும் அதே தவற்றைச் செய்கிறோம். மூணாற்றிலும் பீர்மேட்டிலும், சீனம் தந்த தேயிலையை வாட்டிப் புளிக்க வைக்கும் பக்குவத்தை மூக்கால் மட்டுமே கணிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சித்தூர்ப் பக்கம் மண்ணைக் கையில் எடுத்ததுமே அதன் குணம் சொல்லும் விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது எந்த ஏட்டில் இருக்கிறது?

விடுமுறையில் தாத்தாவும் பாட்டியும் சொல்லச் சொல்ல, பேரப்பிள்ளைகள் ஒரு நோட்டில் தமிழில் எழுதட்டும். எத்தனை சூடு, எத்தனை நாழிகை, என்ன அளவு என்று கேட்டு எழுதட்டும். மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கைவரும். பெரியவரின் வித்தையும் தங்கும். வருகிற பொங்கல் விழாவில் அந்த நோட்டுகளைச் சங்கம் வாங்கிப் பாதுகாக்க வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.