சீனித்துளசி மருந்தாகுமா?

தேத்தண்ணீரில் சீனிக்குப் பதிலாகச் சீனித்துளசியைக் கலந்து குடித்தால் இனிப்புநீர் நோய் அகன்றுவிடும் என்று ஒருவர் சொன்னால் பத்துப்பேர் நம்பிவிடுகின்றனர். இதில் உண்மை எவ்வளவு என்பதைத் தொழிலாளத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டீவியா எனப்படும் இச்செடி தென் அமெரிக்காவிலுள்ள பராகுவே நாட்டைச் சேர்ந்தது. அங்குள்ள குவாரானி மக்கள் நெடுங்காலமாக இதன் இலையை இனிப்புக்காக உபயோகித்து வந்தனர். இலையிலிருந்து பிரித்தெடுத்த சாரம் சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிக்கும். ஆயினும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. சுத்திகரித்த சாரத்தை அளவோடு உண்பதில் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2008-இல் முடிவு செய்தது.

ஆனால், தீங்கில்லாத பொருளெல்லாம் மருந்தாகிவிடாது. இலையை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் கண்ணையும் காலையும் பறிகொடுக்க நேரிடும். சீனியை விலக்கிவிட்டுக் கெட்டிப்பாலை ஊற்றிக்கொள்வதாலும் பயனில்லை. அதில் ஏறக்குறைய பாதி சீனியே. சில பொட்டலங்களில் சாரம் சிறிதும் டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரை பெரும்பகுதியுமாக இருக்கும். பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதைக் கிராணிமார்கள் தோழர்களுக்குப் படித்துச் சொன்னால் பேருதவியாகும். உடல் எடையைக் குறைக்க இத்தகைய இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியதையும் மறக்கலாகாது.

இன்னொன்று உயிரைப் பற்றியது. இன்சுலின் ஊசி போடுவோரும் சிலவகை மாத்திரை உண்போரும் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பால்மரம் சீவப் போனால், இரத்தச் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். கை நடுங்கும், உடல் வியர்க்கும், கண் இருளும். அவ்வேளையில் சீனித்துளசி கைகொடுக்காது. உண்மையான சீனிதான் உயிர் காக்கும். ஆகவே, அத்தகையோர் மடியில் கொஞ்சம் சீனியோ குளுக்கோஸோ இல்லாமல் நிரைக்குப் போகக்கூடாது.

2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் உண்டு. அவர்களில் பலர் தமக்கு நோய் இருப்பதையே அறியார். ஆதலின், நாம் முதலில் கேட்க வேண்டியது தோட்டந்தோறும் இரத்தப் பரிசோதனையும், வேலைக்கிடையே பசியாற நேரமுமாகும். கிளைச் சங்கங்கள் இதனை நிர்வாகத்திடம் வற்புறுத்த வேண்டும். தோழர்களே, சீனித்துளசி வாங்குவதற்கு முன் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்!